பளபளப்புக்குக் கீழே துரு: மலையகத்தின் பழைய ஜேர்மன் கார்களைக் காப்பாற்றுவது எப்படி?

வவுனியாவில் வளர்ந்த எனக்கு அது கறள். ஹற்றனில் இருக்கும் என் மாமாவுக்கு அது துரு. 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பெரும்பாலானோர் தோட்டத்தை விட்டு வன்னிக்கு இறங்கிவிட, அம்மாவின் தம்பி மட்டும் ஹற்றனிலேயே தங்கிவிட்டார். சொல் இரண்டானாலும் இரும்பைத் தின்னும் பூச்சி ஒன்றுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களின் விலை கண்டபடி ஏறியது. ஓய்வுபெற்ற ஆசிரியரான மாமா அந்தக் காலத்தில், கையிருப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து 1960களில் செய்யப்பட்ட ஒரு வொக்ஸ்வாகன் பீட்டில் காரை வாங்கினார். சிவப்புப் பெயின்ற் கண்ணாடி போல மின்னியது. முழுதாகப் புதுப்பித்த கார் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. கதவுகளுக்குக் கீழே பெயின்ற் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. பிறகு ஒருநாள் கினிகத்தேனை இறக்கத்தில் பின்னாசனத்துக்கு அடியில் ஏதோ உரசும் சத்தம். நிறுத்திப் பார்த்தால், பற்றரி இருந்த இடத்தில் தரைத் தகடு உக்கிப்போய், பற்றரி வீதியைத் தொடுவதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேலே எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். பிரச்சினையே அதுதான். பழைய காரில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். பெயின்ற் அடிப்பது அழகுக்கு. காரைக் காப்பாற்றும் வேலை பெயின்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மாமாவின் காரைத் திரும்பவும் பிரித்துச் செய்த மாதங்களில் நான் பார்த்தும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மலைக்கு ஏறிய வண்டுகள்

துரைமார் காலத்திலிருந்தே மலையகத்துக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் நெருக்கம் அதிகம். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டங்களில் ஒன்றான மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தோட்டங்களில் ஒஸ்ரின், மொறிஸ், லாண்ட் ரோவர் போன்ற பிரித்தானிய வாகனங்களே அதிகம் என்றாலும், பின்னர் பீட்டில், ஒப்பல், மெர்சிடிஸ் பென்ஸ் என்று ஜேர்மன் கார்களும் ஏறி வந்தன.

பீட்டில் மலைக்குப் பொருந்திய கார். இயந்திரம் பின்னால், உந்தும் சக்கரங்களுக்கு மேலேயே இருப்பதால், ஈரமான ஏற்றத்திலும் ரயர் பிடித்து ஏறும். இயந்திரம் காற்றால் குளிர்விக்கப்படுவதால் றேடியேற்றர் தண்ணீர் கொதிக்கும் தொல்லை இல்லை. உலகம் முழுவதும் 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டன. கடைசிக் கார் 2003 ஜூலையில் மெக்சிகோவில் வெளிவந்தது. அதனால் உதிரிப்பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. இயந்திரம் பழுதானால் மாற்றலாம். தகடு உக்கினால் அவ்வளவு இலகுவில் முடியாது.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. ஜேர்மனியில் உறவினர் உள்ளவர்களுக்கு 'டியூஃப்' பரிசோதனை தெரிந்திருக்கும். அங்கே பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். பாரம் தாங்கும் இடத்தில் துருவால் ஓட்டை விழுந்திருந்தால் வீதியில் விடமாட்டார்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் நிலையில் பேணப்பட்ட கார்களுக்கு 1997 முதல் 'எச்' எழுத்துடன் தனி இலக்கத் தகடும் கொடுக்கிறார்கள். இலங்கையில் தனியார் காருக்கு ஆண்டு வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் போதும். அடித்தகடு உக்கியிருக்கிறதா என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த வேலை சொந்தக்காரருடையது.

இரும்பு ஏன் உக்குகிறது?

துருப்பிடிக்க மூன்று பொருட்கள் வேண்டும்: இரும்பு, ஒட்சிசன், தண்ணீர். மழையில் நனைய வேண்டும் என்றில்லை. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினாலே உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகத் தொடங்கும். 80 சதவீதத்துக்கு மேல் துரு வேகம் பிடிக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிறது. நுவரெலியாவில் மழை அதைவிடக் குறைவு. ஆனால் ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில், மூடுபனியும் குளிரும் சேர்ந்து இரவெல்லாம் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும்.

உப்பு சேர்ந்தால் கதை இன்னும் மோசம். 2009க்குப் பின் முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: எரிந்து குவிந்து கிடந்த லொறிகள், பஸ்கள், உழவு இயந்திரங்கள், சைக்கிள்கள். பெயின்ற் எரிந்துபோன இரும்பு கடற்காற்றில் மிக வேகமாகச் செம்மண் நிறமாகும். உடைமைகளாக இருந்தவை கறள்பிடித்த குவியல்களாகி, பிறகு பழைய இரும்பாக லொறிகளில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டன. அந்தக் கடற்காற்று மலையகத்தில் இல்லை. ஆனால் தேயிலைக்குப் போடும் உரத்தில் பொட்டாசியம் குளோரைட்டு உண்டு. உரமூட்டை ஏற்றிய வாகனத்தின் மூலைகளில் சிந்திய தூள், கடலுப்பின் வேலையையே செய்யும். குளோரைட்டு தகட்டின் நுண்ணிய குழிகளுக்குள் புகுந்துவிட்டால் எளிதில் வெளியே வராது.

துரு என்பது ஒரு சிறிய பற்றரி போன்றது. ஒரே தகட்டில் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது, பக்கத்தில் ஒட்சிசன் அந்த மின்னை வாங்கிக்கொள்கிறது, நடுவில் ஈரம் கடத்தியாக நிற்கிறது. ஒட்சிசன் குறைவாகப் போய்ச்சேரும் மறைவிடத்தில்தான் இரும்பு அதிகம் கரையும். சேறு அப்பிய மூலை, ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகட்டு விளிம்பு, பட்டிக்கு அடிப்பக்கம் ஆகிய இடங்கள் முதலில் உக்குவதற்கு இதுவே காரணம். உண்டாகும் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ற் பொங்குகிறது, ஒட்டிய தகடுகள் பிளக்கின்றன.

இதற்கு மருந்து என்ன என்பது லயத்துக் கூரையைப் பார்த்தாலே விளங்கும். புதுத் தகரத்தில் நாகம் பூசப்பட்டிருக்கும். கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நாகம் தீர்ந்த பிறகுதான் கூரை சிவக்கத் தொடங்கும். ஜேர்மன் நிறுவனமான போர்ஷே 1975இலேயே நாகம் பூசிய தகட்டைத் தன் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஔடி 1980களின் நடுப்பகுதியில் முழு உடலையும் அப்படிச் செய்தது. மாமாவின் பீட்டில் அதற்கு முந்தியது. அதற்கிருந்த காப்பு பெயின்ற் மட்டுமே.

எங்கே ஒளிந்திருக்கும்?

பழைய காரை வாங்கப் போகிறவர்கள் பெயின்றைப் பார்க்காமல் கீழே குனிய வேண்டும். கையில் ஒரு ரோர்ச் லைற், ஒரு ஸ்குரூட்ரைவர், ஒரு சிறிய காந்தம் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெங்கும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பட்டி.

பீட்டிலில் பார்க்க வேண்டிய முதல் இடம், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிக் குழாய். சூடான காற்றை முன்னுக்குக் கொண்டுவரச் செய்தது அது. உடலின் பலமும் அதில்தான் தங்கியிருக்கிறது. அது உக்கினால் கதவு சரியாக மூடாது, விபத்தில் உடல் மடிந்துவிடும். இரண்டாவது, பின்னாசனத்துக்கு அடியில் பற்றரி இருக்கும் தரை. பற்றரி அமிலம் கசிந்து தகட்டைத் தின்னும். பிளஸ் முனை ஆசனக் கம்பியில் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்தும் அங்கே உண்டு. மூன்றாவது, முன் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின் தலைப்பகுதி. நான்காவது, முன்னால் மேலதிகச் சக்கரம் வைக்கும் குழி. பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் மறக்கக்கூடாது. அவை உக்கினால் ஹற்றன் வளைவுகளில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1970களின் பென்ஸ் காரென்றால், ஜாக் வைக்கும் இடங்கள், முன்விளக்குக்குப் பின்பக்கம், சக்கர வளைவுகள், முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் தட்டு ஆகியவற்றைப் பாருங்கள். இலையும் சேறும் அடைத்து நீர்வழி மூடியிருந்தால், அதன் கீழே துரு இருப்பது கிட்டத்தட்ட உறுதி. யாழ்ப்பாணத்தில் இன்னும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்களும் இதே முறையில் பார்க்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார்கள் அவை. இயந்திரம் தாங்கிக்கொண்டதைத் தகடும் தாங்கியிருக்கும் என்று நம்பிவிடக்கூடாது.

வேலையின் ஒழுங்கு

முதல் வேலை திறந்து பார்ப்பது. ஆசனம், தரைவிரிப்பு, அடித்தார் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உக்கிய தகட்டை மேலே பட்டி பூசி மறைப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதற்குச் சமம். பொலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாமாவின் காரில் பெட்டிக் குழாயின் ஓட்டைக்குள் கடதாசியை அடைத்து, அதற்கு மேல் பட்டி இழுத்திருந்தார்கள். அந்தக் கடதாசி பிரித்தபோதும் நனைந்தே இருந்தது.

இரண்டாவது, வெட்டி எறிவது. நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டும். பீட்டிலின் பெட்டிக் குழாயை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை வெல்ட் பண்ணி உடலைப் பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. காஸ் வெல்டிங்கின் சூடு பெரிய பரப்பைச் சுட்டுத் தகட்டை வளைக்கும். மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் நல்லது, அதுவும் விட்டுவிட்டுப் புள்ளி வைத்து. பாரம் தாங்கும் இடத்தில் பழைய துருவின் மேல் புதுத் தகட்டை ஒட்டிவைக்கக் கூடாது.

மூன்றாவது, சுத்தம் செய்வது. கம்பித் தூரிகை, மண்கடதாசி, அதன் பின் பொஸ்போரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அது குழிகளில் மிஞ்சிய துருவை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். விலை குறைவென்று கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பாவிப்பவர்கள் உண்டு. அது துருவைக் கரைத்துவிட்டு, பதிலுக்குக் குளோரைட்டை விட்டுப்போகும். சில வாரங்களில் துரு முன்னையதைவிட வேகமாகத் திரும்பும். எந்த அமிலமானாலும் தயாரிப்பாளர் சொன்னபடி கழுவித் துடைத்து, முற்றாகக் காயவைக்க வேண்டும்.

நான்காவது, அடிப்பூச்சு. சுத்தமான தகட்டை ஓர் இரவு கூட வெறுமையாக விடக்கூடாது. ஹற்றன் குளிரில் காலையிலேயே மஞ்சள் படிந்துவிடும். அதைவிடப் பரவலான தவறு, சாதாரண சாம்பல்நிறப் பிரைமரை அடித்துவிட்டுப் பணம் சேரும்வரை மாதக்கணக்கில் வெளியே நிறுத்துவது. அந்தப் பிரைமரில் நுண்துளைகள் உண்டு, நீர் உள்ளே போகும். வெறும் தகட்டுக்கு எபொக்சி பிரைமரே பொருத்தம். பட்டி தேவையென்றால் அதற்கு மேல் பூசலாம். வெல்ட் பண்ணிய பிறகு தொட முடியாத மடிப்புகளுக்கு, இரண்டு தகட்டையும் பொருத்துமுன்பே நாகத்தூள் கலந்த பிரைமரை அடிக்க வேண்டும்.

பெயின்ற் வேலைக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். ஈரப்பதன் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக்கூடாது. தகட்டின் வெப்பநிலை, பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். மலையகத்தில் இதற்குத் தோதான காலம் பெப்ரவரியும் மார்ச்சும். அப்போதும் வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் முடிப்பது நல்லது.

ஐந்தாவது, உட்குழிகள். இதைச் செய்யாமல் விட்டால் முன்செய்த நான்கும் சில ஆண்டுகளில் வீண். எல்லாப் பூச்சும் காய்ந்த பிறகு, பெட்டிக் குழாய்களுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் நீண்ட குழாய் மூலம் மெழுகுத் திரவத்தை விசிற வேண்டும். அது மடிப்புகளுக்குள் ஊர்ந்து, காயாமல் ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் விட்ட வடிகால் துளைகளை அடைக்கவே கூடாது. உள்ளே போகும் நீரைத் தடுக்க முடியாது, வெளியே போக வழி விடத்தான் முடியும்.

கழிவு என்ஜின் ஒயிலை அடியில் விசிறும் வழக்கம் இன்னும் உண்டு. அது றப்பர் புஷ்களை ஊதவைக்கும், தோலுக்குக் கேடு, மழையில் கழுவுண்டு ஓடைக்குப் போகும். மகாவலியும் களனியும் பிறக்கும் மலைகள் இவை. கீழே இருப்பவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கடினமாகும் தார்ப்பூச்சும் அவ்வளவு நல்லதல்ல. வெடித்தால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் நிற்கும், துரு வளர்வதும் தெரியாது.

தேயிலையிலும் ஒரு மருந்து

கவ்வாத்துக் கத்தி கறுத்துப்போவதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாவதுதான் அது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் முன்னோர் மையும் துணிச்சாயமும் செய்தது இதே முறையில்தான். கடைகளில் கிடைக்கும், பூசினால் துரு கறுப்பாக மாறும் 'துரு மாற்றி'களில் பலவற்றில் இருப்பதும் தனிக் அமிலம் என்ற இதே துவர்ப்பு வகைதான்.

அதற்காகத் தேநீர்ச் சாயத்தை ஊற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். அதன் செறிவு மிகக் குறைவு. துரு மாற்றியும் மெல்லிய, இறுகப் பிடித்த துருவில் மட்டுமே வேலை செய்யும். செதில் செதிலாக உரியும் துருவின் மேல் பூசினால் மேற்பரப்பு கறுக்கும், அடியில் வேலை தொடரும். அதன் மேலும் பிரைமர் கட்டாயம் வேண்டும்.

வேலை செய்பவரின் மூச்சு

காரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, அதற்குக் கீழே படுத்திருப்பவரை விட்டுவிட முடியாது. நாட்கூலியை நம்பி இருக்க முடியாமல் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் டிங்கரிங் வேலைக்கு வருகிறார்கள். கையில் வித்தை வந்தால் நல்ல தொழில் அது. ஆனால் முகத்தில் ஒரு கைலேஞ்சிகூட இல்லாமல் வேலை செய்வதைத்தான் அதிகம் பார்த்தேன்.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் தூள் இரத்தத்தில் சேரும். நனைத்துத் தேய்த்து, பிறகு நன்றாகக் காயவைப்பதே பாதுகாப்பு. ஆற்றுமணலைக் காற்றழுத்தத்தில் வீசித் துருவகற்றினால் சிலிக்காத் தூள் நுரையீரலில் படியும். அந்த நோய்க்கு முழுக் குணம் இல்லை. நாகம் பூசிய தகட்டை வெல்ட் பண்ணினால் வரும் வெள்ளைப் புகை, அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் தரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வெல்ட் பண்ணும் இடத்தில் நாகத்தைத் தேய்த்தகற்றுவதும், காற்றோட்டமும், தகுந்த முகமூடியுமே வழி. இரண்டு திரவம் கலந்து அடிக்கும் பெயின்றில் உள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கும். அதற்குத் துணி முகமூடி போதாது. பீட்டிலின் பெற்றோல் தாங்கி முன்னால் இருப்பதால், அங்கே வெல்டிங் தொடங்குமுன் அதைக் கழற்றித் தூரமாக வைக்க வேண்டும். வெறுந்தாங்கி என்று நினைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

முகமூடியின் விலை மொத்தச் செலவில் சிறு துளி. கராஜுக்குக் காரைக் கொடுக்கிறவர் அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாமா சேர்த்தார். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும், மூடுமுன், கைத்தொலைபேசியில் படம் எடுத்துத் தரும்படியும் கேட்டுக்கொண்டார். காரைக் கொடுக்கும் எவரும் செய்யக்கூடிய காரியம் இது. பெயின்ற் அடித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்ல அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும், வரியோடு சேர்த்து வரும் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. பழைய கார்கள் இன்னும் பல ஆண்டு ஓடத்தான் போகின்றன.

மாமாவின் பீட்டில் இப்போது முன்போல் மின்னுவதில்லை. பணம் அடியில் போய்விட்டதால் மேல்பூச்சு கொஞ்சம் மங்கல்தான். மழைவிட்ட ஒவ்வொரு தடவையும் அவர் பழைய சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்து, கதவுக்குக் கீழேயுள்ள வடிகால் துளைகளைக் குத்தி விடுகிறார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து முடிந்த பிறகுதான் வீட்டுக்குள் போகிறார்.